ஹசிந்தா பாட்டில் மூன்று தட்டு

கல்தச்சர் ஹோவாகின் உளியைத் தரையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

"ரெமேதியோஸ் அம்மா, இது கல்லு. சிலேட்டு இல்ல, எச்சில் தொட்டு அழிக்கிறதுக்கு. சனிக்கிழமை ஒரு பேரு சொன்னீங்க. திங்கக்கிழமை அந்தப் பேருக்கு மேல இன்னொரு பேருன்னீங்க. நேத்து ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துலன்னீங்க. இப்போ எழுத்து அளவை நூல் வச்சு அளக்கச் சொல்றீங்க. நான் என்ன கல்தச்சனா, நகை ஆசாரியா?"

"அண்ணே, நான் சொல்லல. ரெண்டு பாண்டுக்காரங்களும் சொல்றாங்க."

"அப்போ அந்த ரெண்டு பாண்டையும் இந்தக் கல்லுக்கு அடியில வச்சுப் புதைச்சிடுங்க. நான் வேணும்னா சும்மாவே வெட்டித் தரேன்."

ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தராக இருபது வருடம் குப்பை கொட்டிய ரெமேதியோஸுக்கும் அதே யோசனைதான்.

பெனிஃபரேல் ஊரில் வீடுகள் முந்நூறு, வாத்தியப் பாண்டு இரண்டு. ஒன்றைப் பழசு என்பார்கள், மற்றதைப் புதுசு. புதுசுக்கு வயது தொண்ணூற்றேழு. ஆனாலும் அது புதுசுதான். பழசுக்காரன் புதுசுக்காரன் கடையில் இறைச்சி வாங்க மாட்டான். புதுசுக்காரனுக்குப் பழசு நாவிதர் முடி வெட்டினால் மறுநாள் மொட்டை போட்டுக்கொள்வான். சதுக்கத்தின் இந்தப் பக்கம் பழசின் காப்பிக் கடை, அந்தப் பக்கம் புதுசின் காப்பிக் கடை. பழசுக்காரர் வீட்டு நாய் புதுசுக்காரர் தெருவில் காலைத் தூக்காது. உள்நாட்டுப் போரில் கோயில் மணி போயிற்று, பாலம் போயிற்று, பாதி ஊரின் கூரை போயிற்று. இந்தப் பகையின் மேல் மட்டும் ஒரு கீறல் விழவில்லை.

எல்லாம் போதாதென்று நடுவில் அந்தப் பாட்டு.

"சன்னலைச் சாத்தாதே, ஹசிந்தா" பாட்டைக் கேட்காத ஸ்பானியன் பிறவிச் செவிடனாக இருக்க வேண்டும். கல்யாணத்தில் அது, காளைச் சண்டையில் அது, கால்பந்தில் தோற்றால் அது, ஜெயித்தால் இரண்டு தடவை அது. வடக்கே மழை ஊரில் மீனவர்கள் பாடுகிறார்கள், தெற்கே வெயில் ஊரில் கழுதைகளே பாடுகின்றன. பாட்டு மூன்றாவது சுற்றுக்கு வரும்போது கொம்பு, குழல், எக்காளம் எல்லாம் சட்டென்று வாயை மூடும். அந்த மௌனத்தில் பெரிய டிரம் மட்டும் மூன்று தட்டு: தும், தும், தும். கூட்டம் அந்த மூன்றுக்கும் கை தட்டும். பிறகு பாண்டு மொத்தமும் வெடித்துக் கிளம்பும். அந்த மூன்று தட்டுக்காகத்தான் பாட்டு. அதைக் காளையின் இதயத்துடிப்பு என்று ஒரு பேராசிரியர் எழுதினார். காதலியின் காலடி என்று இன்னொருவர். சிலுவையின் மூன்று ஆணி என்று ஒரு பாதிரியார் நாற்பது பக்கம் எழுதி, நாற்பத்தோராம் பக்கத்தில் தானே அழுதார்.

அந்தப் பாட்டு பிறந்தது பெனிஃபரேலில்தான். அதில் சண்டையே இல்லை. பெற்றது யார் என்பதில்தான்.

1929இல் பழசின் இசை ஆசான் ஓனோராத்தோ கபானெஸ் திருவிழா ஊர்வலத்தில் நடந்தபடி வாசிக்க இயற்றிய நடைப்பாட்டு அது என்பது பழசின் கட்சி. புதுசின் ஆசான் தெயோஃபிலோ ப்ரூ இயற்றி, தலைநகரத்துக்கு அனுப்ப, அது இசைத்தட்டாகவும் வந்தது என்பது புதுசின் கட்சி. இசைத்தட்டை முதன்முதலில் கேட்ட கபானெஸ் வீட்டிலிருந்த சாப்பாட்டுத் தட்டுகளையெல்லாம் உடைத்தாராம். பக்கத்து வீட்டில் கடன் வாங்கியும் உடைத்தாராம். அதன் பிறகு இருபத்திரண்டு வருடம் இரண்டு ஆசான்களும் தத்தம் காப்பிக் கடை வாசலில் உட்கார்ந்து, சதுக்கத்தைத் தாண்டி ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே காப்பி குடித்தார்கள். ஒரு குளிர்காலத்தில் ப்ரூ செத்தார். முறைக்க ஆளில்லாத கபானெஸ் ஒன்பதே நாளில் பின்னாலேயே போய்ச் சேர்ந்தார்.

இப்போது பாட்டுக்கு ஐம்பது வயது. ஜூன் பன்னிரண்டு, புனித ஒனோஃப்ரே திருவிழாவில் கல்வெட்டுத் திறப்பு. ஆளுநர் வருகிறார், வானொலி வருகிறது. இயற்றியவர் பெயரை முடிவு செய்யும் வேலையை மேயர் லெயாந்த்ரோ ரெமேதியோஸின் தலையில் கட்டினார்.

"ஏன் மேயரய்யா, ஊர்ல வேற ஆளே இல்லையா?"

"உங்கப்பா பழசு, உங்கம்மா புதுசு. ஊர்லயே நடுநிலையான ஆளு நீ ஒருத்திதான்மா."

நடுநிலை என்றால் பெனிஃபரேலில் இரண்டு பக்கமும் உதை வாங்குபவர் என்று அர்த்தம். அவள் அப்பா எலிசேயு பெரிஸ் பழசில் ஐம்பது வருடம் பெரிய டிரம் அடித்தவர். அம்மா ஃபிலோமேனா, புதுசின் ஆசான் ப்ரூவின் வீட்டில் வளர்ந்த தங்கை மகள். ஐம்பது வருடத்தில் பழசும் புதுசும் கலந்த கல்யாணம் அது ஒன்றுதான். திருமணத்துக்கு இரு பக்கத்து உறவினரும் வந்தார்கள். ஒரு பக்கம் சாப்பிட்டு எழும்வரை மறுபக்கம் தெருவில் நின்றது.

காலையில் பழசின் தலைவர், இறைச்சிக் கடை அமாதேயோ, கத்தியைத் துடைக்காமலே அலுவலகத்துக்கு வந்துவிடுவார்.

"ரெமே, உங்கப்பன் எங்க ஆளு. ரத்தம் பேசும்னு நம்புறேன்."

அவர் போன சூடு ஆறுவதற்குள் புதுசின் தலைவர், மருந்துக் கடை சீக்ஸ்தோ வருவார். இவர் கத்த மாட்டார். இருமல் மருந்து மாதிரி இனிப்பாகப் பேசுவார்.

"கண்ணு, ஒரே ஒரு கேள்விதான் கேக்குறேன். கபானெஸ் எழுதின தாள்ல அந்த மௌனம் இருக்கா? இல்ல. எங்க ப்ரூ தாள்ல இருக்கா? இருக்கு. உலகமே கை தட்டுற இடம் இல்லாத தாளு அசலா? யாரோ சாப்பிட்டு மிச்சம் வச்ச எலும்பும்மா அது."

அந்தக் கேள்விக்குத்தான் பழசில் யாரிடமும் பதில் இல்லை. கபானெஸின் கையெழுத்துத் தாளில் தேதியும் இல்லை, மௌனமும் இல்லை. இசை மூச்சு விடாமல் ஓடியது. ப்ரூவின் தாளில் ஜூன் 27, 1929 என்று தேதி, நட்டநடுவே மௌனம், மூன்று தட்டு, எல்லாம் கொட்டை எழுத்தில். அந்த வருடத் திருவிழா நிகழ்ச்சி நிரலில் "பழைய பாண்டின் ஒரு புதிய நடைப்பாட்டு" என்று மட்டும் இருந்தது. என்ன நடைப்பாட்டு என்று எழுதினால் விரல் முறிந்திருக்குமா, படுபாவிகளே என்று ரெமேதியோஸ் பல்லைக் கடித்தாள்.

புதன்கிழமை மத்தியானம் அவள் செய்த காரியத்தை ஊர் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறது. ஹோவாகினுக்கு மறுநாளைக்குள் வாசகம் தர வேண்டும். வேறு வழி தோன்றாமல், 1929இல் பாண்டு போனபடியே போய்ப் பார்ப்போமென்று ஊர்வலம் கிளம்பும் கோயில் வாசலில் போய் நின்றாள். மணி இரண்டு, தார் உருகும் வெயில். கபானெஸின் மௌனமில்லாத பாட்டை மனசுக்குள் ஓட்டியபடி, பாண்டு நடக்கும் அதே நடையில், இடது வலது என்று பெரிய தெருவில் நடந்தாள். தானே பாடி, தானே ஊர்வலமாகப் போகும் எழுத்தரம்மாவைச் சன்னல் இடுக்குகள் வழியே ஊரே பார்த்தது.

மூன்றாவது சுற்று. ப்ரூவின் தாளில் மௌனம் விழும் அந்த இடம் வந்தபோது நின்றாள். எதிரே பழைய ரொட்டிக் கடை வீடு. பத்தடி அகலம்கூட இல்லாத ஒடிசல் வீடு.

திரும்பக் கோயிலுக்குப் போய் மறுபடி நடந்தாள். மறுபடி ரொட்டிக் கடை.

"ஐயோ, அடக் கடவுளே!" என்றாள். பக்திக்குச் சொன்னதில்லை.

ஊர்ப் பாதிரியார் மதியத் தூக்கத்தில் இருந்தார். அவரை உலுக்கி எழுப்பி இறப்புப் பதிவேட்டை வாங்கினாள். ரொட்டிக் கடை ஃபெர்மின் ஓர்த்தோலா: இறந்தது 1929 ஜூன் 11. அடக்கம் ஜூன் 13. அப்படியென்றால் பன்னிரண்டாம் தேதி, திருவிழா ஊர்வலம் போகையில், ஃபெர்மின் அந்த வீட்டு முன்னறையில் மெழுகுவத்திகளுக்கு நடுவே கிடந்திருக்கிறார்.

பெனிஃபரேலில் சாவு விழுந்த வீட்டு முன்னால் எந்தப் பாண்டும் ஊதாது. அந்த வாசல் வந்ததும் எல்லோரும் வாயிலிருந்து கருவியை எடுத்துவிடுவார்கள். நடை பிசகாமல் இருக்கப் பெரிய டிரம் மட்டும் தட்டும். வீட்டைத் தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து தொடருவார்கள். மூச்சு விடுவது மாதிரி பழகிப்போன வழக்கம். யாரும் அதை ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஃபெர்மினின் வீடு ஒடிசல். மூன்று தட்டில் தாண்டியாயிற்று. மேயர் வீட்டில் சாவு விழுந்திருந்தால் உலகம் முழுக்க முப்பது தட்டுக்குக் கை தட்டிக்கொண்டிருக்கும்.

அந்த ஊர்வலத்தில் புதிய நடைப்பாட்டு வாசித்தது பழசு; ஆக, பாட்டு கபானெஸுடையது. அன்று ஊர்வலத்தில் நடந்த யாரோ ஒருவர் அதை ப்ரூவின் காதில் போட்டிருக்கிறார், சாவு வீட்டு மௌனத்தோடு சேர்த்து. ப்ரூ அதையும் பாட்டென்று நினைத்து எழுதிவிட்டார். பேராசிரியரின் காளை போயிற்று, பாதிரியாரின் ஆணி போயிற்று.

துள்ளிக் குதித்த ரெமேதியோஸ் நாலாவது எட்டில் நின்றாள். எந்த மடையன் பாட்டைச் சொல்லும்போது சாவு வீட்டையும் சேர்த்துச் சொல்வான்? குழல் ஊதுகிறவன் தன் இசையைத்தான் சீட்டியடிப்பான், இடைவெளியைத் தாவிவிடுவான். இடைவெளியை எண்ணி, தட்டிக் காட்டி, அதன் பிறகே மேலே போகிறவன் ஒருவன்தான். டிரம் அடிக்கிறவன்.

அந்த வருடம் ப்ரூவின் வீட்டுச் சன்னலடியில் பழியாய்க் கிடந்த டிரம்காரர் யாரென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்தச் சன்னல் இல்லையென்றால் அவளே இல்லை.

வீட்டில் எலிசேயு நத்தை போட்ட சோற்றை ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வயது எழுபத்திரண்டு. அவருக்கு வாழ்க்கையில் பாக்கியிருந்தது ஒரே ஒரு ஆசை: பழசு பாண்டு முழங்க அடக்கம். பாண்டுக்காரன் செத்தால் அவன் பாண்டு ஊதிக்கொண்டே கல்லறைவரை போகும். டிரம்காரன் என்றால் டிரம்முக்குக் கறுப்புத் துணி சுற்றி முன்னால் கொண்டுபோவார்கள். அவர் தன் சீருடைக்குக் கற்பூர உருண்டை போட்டு வைத்திருந்தார். வாசிக்க வேண்டிய இசையைத் தேர்ந்தெடுத்திருந்தார். யார் எந்த வரிசை என்று படம் போட்டிருந்தார். எல்லாம் தயார், சாவு மட்டும்தான் வர வேண்டும்.

பழசின் விதிப் புத்தகத்திலோ பன்னிரண்டாவது விதி ஒன்று இருந்தது. பாட்டை எதிர்த்தரப்புக்குக் கொடுத்தவன் பெயர் அடிக்கப்படும். அவன் அடக்கத்தில் ஒரு கருவியும் ஒலிக்காது.

"அப்பா, 1929 திருவிழா முடிஞ்சதும் அம்மாகிட்ட சன்னல்ல என்ன பேசினீங்க?"

அவர் கையில் நத்தை நின்றது.

"என்ன பேசுவாங்க? வெயில் சாஸ்தின்னு பேசியிருப்பேன்."

"சீட்டியடிச்சீங்களா?"

ஃபிலோமேனா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அடிக்காம? இந்த மனுஷனுக்குப் பேச எங்க வரும்? ஆறு மாசம் சீட்டிதான். நடுவுல நிறுத்தி, மூஞ்சிய ரொம்ப முக்கியமா வச்சிக்கிட்டு, சன்னல் கம்பியில மூணு தட்டு. எதுக்குன்னே தெரியாது. எனக்கு அதுதான் பிடிச்சிருந்துச்சு."

ரெமேதியோஸ் நாற்காலியில் பொத்தென்று விழுந்தாள். "அப்பா! சாவு வீட்டையும் சேர்த்தா காதலிக்கு வாசிப்பாங்க?"

"இருக்கிறத இருக்கிறபடிதானே வாசிக்கணும்? அன்னிக்கு அப்படித்தான் வாசிச்சோம்." எலிசேயு தட்டை நகர்த்தினார். "சன்னல் கதவுக்குப் பின்னால அந்த ப்ரூ கிழவன் பேனாவும் கையுமா உக்காந்திருப்பான்னு நான் கண்டேனா? அம்பது வருஷமா நெஞ்சுல முள்ளும்மா அது. வெளியில தெரிஞ்சா என் அடக்கம் போச்சு. ஊமை அடக்கம். நாய் செத்தாக்கூட நாலு நாய் ஊளையிடும்."

"மாமா எங்க கதவுக்குப் பின்னால உக்காந்தாரு?" என்றாள் ஃபிலோமேனா. "அவருக்கு அந்தப் பக்கத்துக் காது கேக்கவே கேக்காது. நான்தான் அடுப்படியில பட்டாணி உரிச்சுக்கிட்டே பாடினேன். பாத்திரத்துல மூணு தட்டு தட்டினேன். 'என்னடி இது, புதுசா இருக்கே'ன்னு கேட்டு எழுதிக்கிட்டாரு. என்னாலதான் திருட்டுப் பட்டம் வந்துச்சுன்னு நானும் அம்பது வருஷமா வாயத் தொறக்கல."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நீயா?"

"நீங்க மட்டும்?"

"கடவுளே," என்றாள் ரெமேதியோஸ், "ஒரே கட்டில்ல படுத்துக்கிட்டு ரெண்டு பேரும் தனித்தனியா ஒளிச்சு வச்சிருக்கீங்க! இதுல என்னை நடுநிலைன்னு வேற சொல்றாங்க!"

அன்று மாலை அவள் முடிவெடுத்தாள். அப்பாவின் அடக்கத்தைவிட ஒரு பாட்டின் வரலாறு பெரிதில்லை. கல்லில் ஒரே வரி: "இந்தப் பாட்டை இயற்றியது பெனிஃபரேல்." பெயரில்லை, தேதியில்லை, தலைவலியும் இல்லை.

வியாழக்கிழமை ஊராட்சிக் கூடத்தில் வரியைப் படித்தாள். படித்து முடிப்பதற்குள் அமாதேயோ மேசையைக் குத்தினார். மைப்புட்டி துள்ளியது, மேயரும் துள்ளினார்.

"ஊரா இயற்றுச்சு? ஊரு என்ன பேனா பிடிச்சுதா? எங்க கபானெஸ் ரத்தம் கக்கி எழுதினது!"

"ரத்தமெல்லாம் கசாப்புக் கடைக்காரங்க சமாச்சாரம்," என்றார் சீக்ஸ்தோ. "எங்க ப்ரூ மையில எழுதினாரு."

"திருடின மை!"

"மேயரய்யா, எனக்கு ஒண்ணு புரியல," என்று மேயர் பக்கம் திரும்பினார் சீக்ஸ்தோ. "இந்தப் பொண்ணு நேத்து பாதிரியார எழுப்பி என்னமோ பதிவேடு பார்த்திருக்கு. பார்த்ததுல ப்ரூதான்னு தெரிஞ்சிருக்கும். அப்பனுக்காக மறைக்குது."

"அப்பனுக்காகவா? அம்மாக்காரி புத்தி!" என்று கத்தினார் அமாதேயோ. "புதுசு ரத்தம் ஓடுதில்ல? பொய்க்காரி!"

ரெமேதியோஸ் வாயைத் திறந்தால் அப்பாவின் அடக்கம் போய்விடும். மூடினால் இவள் பொய்க்காரி. இருபது வருடம் இவர்களுக்குப் பிறப்பும் இறப்பும் எழுதிக் கொடுத்த கை அந்த ஒற்றை வரித் தாளை நாலாக மடித்தது.

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. எலிசேயு எழுந்தார்.

"அமாதேயோ, எம் பொண்ணைச் சொன்னே, உன் கசாப்புக் கத்திய நான் பிடிப்பேன். உக்காரு. நான் சொல்றேன்."

சொன்னார். சன்னல், சீட்டி, ஃபெர்மின் வீடு, மூன்று தட்டு எல்லாம். ஃபிலோமேனா எழுந்து பட்டாணியைச் சேர்த்துக்கொண்டாள்.

பிறகு அதிசயம் நடந்தது: தொண்ணூற்றேழு வருடத்தில் முதல் தடவையாகப் பழசும் புதுசும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனார்கள். எலிசேயு பெரிஸ் ஒரு துரோகி என்பதில். பழசு அவர் பாட்டைக் கொடுத்ததால் சொன்னது. புதுசு, அவர் கொடுத்ததை வெளியே சொன்னதால் சொன்னது. அமாதேயோவும் சீக்ஸ்தோவும் ஒரே தீர்மானத்தில் ஒரே பேனாவால் கையெழுத்துப் போட்டார்கள். மேயர் லெயாந்த்ரோவுக்கு ஆனந்தத்தில் கண் கலங்கியது.

"ஒற்றுமை வந்துடுச்சு பாத்தியா ரெமே!"

"மேயரய்யா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கையில கனமான பதிவேடு இருக்கு."

சாயங்காலமே அமாதேயோ வீட்டுக்கு வந்து சீருடையை வாங்கிப் போனார். எலிசேயுவே எடுத்துக் கொடுத்தார். கற்பூர உருண்டைகளையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டுக் கொடுத்தார். பிறகு அலமாரியைத் திறந்து, வெறும் மாட்டியைப் பார்த்தபடி நின்றார். ரெமேதியோஸுக்கு அதுவரை கோபம்தான் இருந்தது. அந்த மாட்டியைப் பார்த்ததும்தான் அழுகை வந்தது. அழுகை வந்ததில் இன்னும் கோபம் வந்தது.

நேராகப் போய் ஹோவாகினின் கதவைத் தட்டினாள். "எழுதிக்கோங்க அண்ணே. இதுக்கு மேல ஒரு எழுத்து மாறாது."

திருவிழா அன்று சதுக்கத்தில் ஊசி குத்த இடமில்லை. ஆளுநர் வியர்த்துக்கொண்டிருந்தார். வானொலிக்காரர் ஒலிவாங்கியைக் குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்தார். இரண்டு பாண்டும் சேர்ந்து ஹசிந்தா வாசிப்பதாக ஏற்பாடு. எலிசேயு கூட்டத்தின் ஓரத்தில், சாதாரணச் சட்டையில், மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

பாட்டு தொடங்கியது. முதல் சுற்று, இரண்டாம் சுற்று, எல்லாம் தேன். மூன்றாம் சுற்றில் மௌனம் வரும் இடத்தில் எட்டாயிரம் கைகள் உயர்ந்தன. ஊரில் அத்தனை கைகள் இல்லை, ஆனாலும் உயர்ந்தன.

மௌனம் வரவில்லை.

ஏனென்றால் பழசுக்காரர்கள் ரகசியமாக முடிவெடுத்திருந்தார்கள்: "மௌனம் எங்க கபானெஸ் எழுதினது இல்ல. துரோகி கொண்டுவந்த சாவு வீட்டுச் சரக்கு. நிறுத்தாம வாசிங்க." புதுசுக்காரர்களும் ரகசியமாக முடிவெடுத்திருந்தார்கள்: "திருட்டுக்கு அடையாளம் அந்த மௌனம்தான். வாசிச்சா ஒத்துக்கிட்ட மாதிரி. நிறுத்தாம வாசிங்க." ஆக, நூற்றுப் பத்து கருவிகளும் நிற்காமல் ஓடின.

எட்டாயிரம் கைகள் தட்டின. மூன்று தட்டும் இசையின் நடுமண்டையில் விழுந்தன. நடனமாடியவர்கள் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவும் முடியாமல் ஆடவும் முடியாமல் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தார்கள். ஆளுநரின் கை அந்தரத்தில் நின்றது. கிளாரினெட் முன்னால் போயிற்று, எக்காளம் பின்னால் வந்தது, கொம்பு வேறு பாட்டுக்கே போய்விட்டது. ஒரு கோவேறு கழுதை கயிற்றை அறுத்துக்கொண்டு கோயிலுக்குள் புகுந்தது. பாட்டு நொறுங்கி நின்றது.

"எங்கய்யா மூணு தட்டு?" என்று ஒரு குரல்.

"இது ஹசிந்தா இல்ல! ஏமாத்துறாங்க!"

"டேய் அமாதேயோ, எங்க தட்டை எங்க ஒளிச்சு வச்சிருக்கே? கசாப்புக் கடையிலயா?"

நாலா பக்கமும் தக்காளி கிளம்பியது. பழசு, புதுசு என்று பார்க்காமல் விழுந்தது. அந்த வகையில் தக்காளிதான் ஊரில் நடுநிலை. இரண்டு டிரம்காரர்களும் கோலைப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள். எங்கள் தலைவர் சொல்லாமல் அடிக்க மாட்டோம் என்றார்கள். தலைவர்களோ, அவன் முதலில் சொல்லட்டும் என்றார்கள்.

ரெமேதியோஸ் மேடைக்கு ஏறினாள். வானொலி நேரலையில் போகிறது என்பது அவள் நினைவிலேயே இல்லை.

"போதும்! அம்பது வருஷம்! செத்துப்போன ரெண்டு கிழவன்களுக்காக உசிரோட இருக்கிற ஒரு கிழவனக் கொல்றீங்க! உங்க ரெண்டு ஆசானும் எழுதினதுக்கு எவனும் கை தட்டல. ஃபெர்மின் செத்ததுக்கும் எங்கப்பா எண்ணினதுக்கும்தான் ஊரு உலகம் கை தட்டுது! திறங்க அந்தக் கல்லை!"

மேயர் திரையை இழுத்தார். கல்லில் இருந்தது:

"ஹசிந்தா. இயற்றியவர் ஓனோராத்தோ கபானெஸ். உலகுக்குக் கொடுத்தவர் தெயோஃபிலோ ப்ரூ. நடுவிலுள்ள மௌனம் ரொட்டிக் கடை ஃபெர்மினுடையது. மூன்று தட்டு எலிசேயு பெரிஸுடையது."

கூட்டம் ஒரு கணம் படித்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் படித்தார்கள். பிறகு யாரோ "எலிசேயு!" என்றார்கள். சதுக்கம் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. அவரைத் தூக்கினார்கள், ஃபிலோமேனாவும் சட்டையைப் பிடித்தபடி கூடவே போனாள். "ஏங்க, முதுகு பிடிச்சுக்கும், மெதுவா!" பழசின் டிரம்மை அவர் முன்னால் வைத்தார்கள். புதுசுக்காரன் ஒருவன் பதறிப்போய்த் தன் கோலை நீட்டினான்.

பாட்டு மறுபடி தொடங்கியது. மூன்றாம் சுற்று. நூற்றுப் பத்து கருவியும் வாயை மூடின. எலிசேயு தலையைச் சற்றே சாய்த்து ரொட்டிக் கடை வீட்டின் பக்கம் பார்த்தார்.

தும். தும். தும்.

அன்று அந்தக் கை தட்டலில் கோயில் ஓடு பதினான்கு விழுந்ததாகப் பாதிரியார் கணக்குச் சொன்னார். நான் இருபது என்பேன்.

இத்தோடு தொல்லை விட்டது என்று ரெமேதியோஸ் நினைத்தாள். இந்த ஊரில் பிறந்தவள் அப்படி நினைத்திருக்கக் கூடாது.

திங்கட்கிழமை காலை அமாதேயோ சீருடையைத் திருப்பிக் கொண்டுவந்தார், இஸ்திரி போட்டு, கற்பூர உருண்டைகளோடு. பத்து நிமிடத்தில் சீக்ஸ்தோ வந்தார். அவர் கையிலும் ஒரு சீருடை, புதுசினுடையது.

"மாப்பிள்ளை முறை. எங்க வீட்டுப் பொண்ணைக் கட்டினவரு. பாட்டை எங்களுக்குக் கொடுத்தவரு. அவரு அடக்கத்துக்குப் புதுசுதான் வாசிக்கும்."

"வாசிச்சுப் பாரு!" என்றார் அமாதேயோ. "எங்க டிரம்காரரு. பெட்டிக்கு முன்னால எங்க டிரம்தான் போகும்."

"அப்போ பெட்டிக்குப் பின்னால நாங்க."

"பின்னால கழுதைதான் வரும்!"

"அதான் நீங்க முன்னால போறீங்களா?"

எலிசேயு கட்டிலில் உட்கார்ந்தபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஐம்பது வருட முள் எடுத்த முகம். ரெமேதியோஸ் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள்.

அந்த வாரம் முழுக்க மதியத் தூக்க நேரத்தில் தெருவின் இந்த முனையில் பழசு நின்று அடக்க இசையை ஒத்திகை பார்த்தது; அந்த முனையில் புதுசு நின்று அதே இசையை அதைவிடச் சத்தமாக ஒத்திகை பார்த்தது. தெருவில் நோயாளிகள் எழுந்து உட்கார்ந்தார்கள். வெள்ளிக்கிழமை ரெமேதியோஸ் சன்னலைப் படாரென்று திறந்தாள்.

"ஆளு உசிரோட இருக்காரு! கேக்குதா? உசிரோட! நத்தைச் சோறு ரெண்டு தட்டு முடிச்சிட்டுப் படுத்திருக்காரு!"

"தெரியும்மா, ஒத்திகைதான்!" என்றது பழசு.

"அவசரமே இல்ல, மெதுவா வரட்டும்!" என்றது புதுசு.

"சாத்தாதே ரெமே, கேட்டுக்கிட்டு இருக்கேன்," என்றார் எலிசேயு கட்டிலிலிருந்து. கண்ணை மூடி, போர்வை மேல் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். சற்றுக் கழித்து ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "புதுசுக்காரங்க நல்லாத்தான் வாசிக்கிறாங்க. வெளியில சொல்லிடாதே. ஆனா அந்த ரெண்டாவது எக்காளம் பாதி இடத்துல வழுக்குறான். அவன் சரியா கத்துக்கிற வரைக்கும் நான் சாகறதா இல்ல."

"எத்தனை நாளாகும்?" என்றாள் ஃபிலோமேனா அடுப்படியிலிருந்து.

எலிசேயு இன்னொரு தடவை காது கொடுத்துக் கேட்டார்.

"ஒரு இருவது வருஷம் ஆகும்."